காற்று தின்ற சரக்கு

என் தங்கச்சி புருஷன் எனக்குத் தர வேண்டியிருந்த கடன் நாற்பதாயிரம். வட்டி கிடையாது, பத்திரம் கிடையாது. அவர் கேட்டார், நான் எண்ணிக் கொடுத்தேன். நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். ஆனாலும் இந்தத் தெருவில் என் கையெழுத்தைவிட என் வாய்ச்சொல்லுக்குத்தான் மதிப்பு அதிகம், யாரை வேண்டுமானாலும் விசாரித்துக்கொள்ளலாம். காலி டிரம் கழுவி வயிற்றைக் கழுவியவன் நான். இன்றைக்கு மூன்று குடோன், ஒரு எடைமேடை, சொந்தமாக ஒரு லாரி. என்னைப் பற்றி எழுத ஆரம்பித்தால் இந்தத் தாள் போதாது. இது மாப்பிள்ளையின் கதை என்பதால் என்னை அடக்கிக்கொள்கிறேன்.

தொழிலை முதலில் சொல்லிவிடுகிறேன். எண்ணெய் ஆலையில் மிஞ்சுகிற லேசான சரக்கை ஏலத்தில் எடுத்து விற்பது எங்கள் வேலை. ஸ்பிரிட் என்போம். பெட்ரோலுக்கு ஒன்றுவிட்ட தம்பி மாதிரி. அச்சகத்தில் உருளை துடைக்க, பட்டறையில் கிரீஸ் கழுவ, செருப்புப் பசை செய்கிறவர்கள் ரப்பரைக் கரைக்க என்று எல்லோருக்கும் இது வேண்டும். சரக்கு நல்லதா என்று பார்க்க எங்கள் தெருவில் இயந்திரம் எதுவும் இல்லை. உள்ளங்கையை விரித்து ஒரு சொட்டு விட்டு ஊத வேண்டும். ஊதின மூச்சு முடிவதற்குள் சொட்டு பறந்துவிட வேண்டும். கையில் நாற்றமும் நிற்கக் கூடாது, பிசுக்கும் நிற்கக் கூடாது. இதில் நான் தோற்றதே இல்லை. எனக்கு அடுத்தபடி கைராசிக்காரர் என்றால் அது மாப்பிள்ளைதான். குடோனில் அவருக்கு 'ஊதி' என்றே பெயர். பத்தடி தள்ளி நின்றாலும் கன்னத்தை உப்பிக்கொண்டு எதையாவது ஊதிக்கொண்டிருப்பார். வீட்டில் ஆறிய சோற்றைக்கூட ஊதித்தான் தின்பார் என்று என் தங்கச்சி சொல்வாள்.

அவர் சித்தப்பா வீட்டில் மிச்சச் சோறு தின்று வளர்ந்தவர். என்னிடம் டிரம் கழுவ வந்தபோது முழங்கை கிழிந்த சட்டையும் இரண்டு பெரிய காதுகளும்தான் அவரிடம் இருந்தன. அதிர்ந்து பேச மாட்டார். கழுவின டிரம்மைத் தலைகீழாகக் கவிழ்த்து, சொட்டு நிற்கும்வரை பக்கத்திலேயே குந்தி இருப்பார். அந்தப் பொறுமையைப் பார்த்துத்தான் என் தங்கச்சியைக் கொடுத்தேன். பெண் கேட்டுப் பெரிய இடமெல்லாம் என்னைத் தேடி வந்தது. நான்தான் வேண்டாம் என்றேன். ஆளைப் பார்த்துப் பெண் கொடுப்பவன் நான், வீட்டைப் பார்த்து அல்ல.

கல்யாணமாகிச் சில வருஷம் போனது. ஒரு நாள் தங்கச்சி குடோனுக்கே வந்து என் மேஜை முன்னால் நின்றாள்.

"அண்ணே, கல்யாணத்துக்கு முன்னாடியும் டிரம், கல்யாணத்துக்கு அப்புறமும் டிரம். நான் உனக்குத் தங்கச்சியா, இல்ல அந்த டிரம்முதான் உனக்குத் தங்கச்சியா?"

"அவரை மேஸ்திரி ஆக்கிட்டேனேம்மா?"

"மேஸ்திரின்னா என்ன, கழுவறவங்களைப் பாத்துக் கத்தணும். அந்த மனுஷனுக்குக் கத்தவும் வராது. நாலு பேர் கழுவறதை அவரே கழுவிட்டு வீட்டுக்கு வராரு."

அவள் சொன்னது பொய்யில்லை. அடுத்த வாரமே மாப்பிள்ளை வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"மச்சான், பின் தெருவில ஒரு ஷெட்டு வாடகைக்கு வருது. உள்ளே பெரிய டாங்கி ஒண்ணு சும்மா கிடக்கு. ஒரு நாப்பதாயிரம் இருந்தா நானே ஒரு கை பாத்துடுவேன்."

"சும்மா தூக்கித் தர மாட்டேன் மாப்ளே. கடனாத் தரேன்."

"கடனா இருந்தாத்தான் எனக்கும் வேணும்," என்றார். அவர் என் முகத்தை நேராகப் பார்த்துப் பேசியது அன்றைக்குத்தான். அந்தப் பணம் திரும்பி வந்தால் அவர் முதலாளி, வராவிட்டால் மறுபடி என் டிரம்மிடம். இது இரண்டு பேருக்கும் தெரியும்.

ஷெட்டுக்கு முன்பணம் போக மிச்சத்தில் அவர் இரண்டு விதமான சரக்கு வாங்கினார். ஒன்று உடைத்த சரக்கு. அதாவது, கனமான எண்ணெயை அதிக சூட்டில் உடைத்து எடுக்கும் லேசான ஸ்பிரிட். நாற்றம் இல்லை, ரப்பரை நன்றாகக் கரைக்கும், விலையும் கூட. இன்னொன்று கச்சா எண்ணெயிலிருந்து நேராகக் காய்ச்சி இறக்கியது. அதில் கந்தகம் கலந்திருந்தது. டிரம் மூடியைத் திறந்தால் அழுகின வெங்காயமும் முட்டைக்கோஸும் சேர்ந்து முகத்தில் அறையும். அதனால் பாதி விலைக்குக் கிடைத்தது. ஒரு பசைக் கம்பெனி ஒரு டாங்கி நிறையச் சரக்கு மொத்தமாக எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தது. உடைத்த சரக்கு மட்டும் என்றால் டாங்கி நிறையாது, லாபமும் நிற்காது. இரண்டையும் கலந்து நாற்றத்தை எடுத்துவிட்டால் கடனும் தீரும், கையிலும் கொஞ்சம் நிற்கும். இதுதான் மாப்பிள்ளையின் கணக்கு.

நாற்றம் எடுப்பது எங்கள் தெருவில் எல்லோரும் செய்வதுதான். டாங்கியில் காஸ்டிக் சோடா கரைத்த காரத் தண்ணீர் கொஞ்சம் ஊற்றி, அடியில் ஓட்டை போட்ட குழாயை விட்டு, கம்ப்ரசரால் காற்று ஊதுவோம். இரண்டு மூன்று நாள் ஊதினால் நாற்றம் அடங்கிவிடும். நாங்கள் எல்லோரும் ஊதினது நேராகக் காய்ச்சின சரக்கை. கலப்புச் சரக்கை யாரும் ஊதினதில்லை. யாரிடமும் ஒரே சமயத்தில் அந்த இரண்டும் இருந்ததில்லை.

மாப்பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு இறங்குகிறவர் அல்ல. இரண்டு கண்ணாடிப் பாட்டிலில் இரண்டு சரக்கையும் தனித்தனியாக ஊற்றி, வாயைத் துணியால் கட்டி, வீட்டுச் சமையலறை ஜன்னலில் வைத்தார். காற்றுப் பட்டால் கெடுகிறதா என்று பார்க்கத்தான்.

"ஏங்க, பக்கத்து வீட்டுக்காரி வந்து, உங்க வீட்டில எது செத்துப் போச்சுன்னு கேக்கறா. நான் என்னன்னு சொல்ல?"

"எங்க வீட்டுக்காரர் முதலாளி ஆகப் போறார்னு சொல்லு."

"அந்த வாசனைதான் இப்படி அடிக்குதுன்னா?"

இதைத் தங்கச்சியே பிறகு என்னிடம் சொன்னாள். அப்போதெல்லாம் அவள் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

வாரக்கணக்கில் இருந்தும் பாட்டில் இரண்டும் கெடவில்லை. நாறினது நாறிக்கொண்டே தெளிவாக இருந்தது. நாறாதது அப்படியே இருந்தது. ஒவ்வொன்றிலும் ஒரு சொட்டு கையில் விட்டு ஊதிப் பார்த்தார். துடைத்து வைத்த மாதிரி கை. இரண்டுமே காற்றைத் தாங்கும் சரக்கு என்று முடிவு கட்டினார். நான் என்றாலும் அப்படித்தான் முடிவு கட்டியிருப்பேன், இந்தத் தெருவில் எவனும் அப்படித்தான்.

டாங்கியில் இரண்டையும் ஊற்றிக் காற்றைத் திறந்தார். காலையில் திறந்தது, மதியச் சாப்பாட்டுக்குள் நாற்றம் சுத்தமாகப் போய்விட்டது. மூன்று நாள் வேலை அரை நாளில்! ஓடி வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போனார். நான் கையில் விட்டு ஊதினேன். ஒன்றும் இல்லை, பச்சைத் தண்ணீர் பட்டு உலர்ந்த மாதிரி. டாங்கியின் வயிற்றில் கை வைத்தேன், லேசான சூடு இருந்தது. வெயில் என்று நினைத்தோம்.

"மாப்ளே, என் கைராசி உங்களுக்கும் ஒட்டிக்கிச்சு," என்றேன். அவர் காது மடல் சிவந்துபோனது. அந்த மனிதர் சந்தோஷப்பட்டு நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

பசைக் கம்பெனியின் சொந்த டாங்கி காலியாகவில்லை, சில வாரம் பொறுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். நாற்றம் திரும்ப வந்துவிடக் கூடாதே என்று மாப்பிள்ளை தினமும் காலையில் ஷெட்டைத் திறந்ததும் கொஞ்ச நேரம் காற்று ஊதினார். பிள்ளைக்குப் பால் கொடுப்பது போல, ஒரு நாள் தவறவில்லை. தங்கச்சி சாப்பாடு கொண்டு போனபோது கண்ணாடி டம்ளரில் சரக்கைப் பிடித்து வெளிச்சத்தில் பார்த்தாளாம்.

"ஏங்க, இது மஞ்சளா இருக்கே?"

"டாங்கித் துருவா இருக்கும்," என்றிருக்கிறார்.

கடைசியில் பசைக் கம்பெனிக் கொள்முதல்காரர் லாரியோடு வந்தார். பெரிய மனுஷன் ஒருவர் பக்கத்தில் இருந்தால் மாப்பிள்ளைக்குத் தெம்பு என்று நானும் போய் நின்றேன். கொள்முதல்காரர் உள்ளங்கையை விரித்தார். மாப்பிள்ளை ஒரு சொட்டு விட்டார். வந்தவர் ஊதினார். சொட்டு பறந்தது. பறந்த இடத்தில் வட்டமாக ஒரு மினுமினுப்பு நின்றது. கொள்முதல்காரர் கட்டைவிரலை அதில் வைத்து எடுத்தார். விரல் ஒட்டிக்கொண்டு நூல் இழுத்தது.

"என்னய்யா இது? ஸ்பிரிட் விக்கறீங்களா, இல்ல எங்களுக்குப் போட்டியா நீங்களே பசை காய்ச்சறீங்களா?"

லாரி டிரைவர் சிரித்தான். மாப்பிள்ளை தன் கையில் ஒரு சொட்டு விட்டு ஊதினார். இன்னொரு சொட்டு, இன்னொரு ஊதல். உள்ளங்கை முழுக்க மினுமினுத்தது. லாரி காலியாகத் திரும்பிப் போன சத்தம் தெருமுனையில் அடங்கின பிறகும் அவர் ஊதிக்கொண்டிருந்தார். நான்தான் அவர் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினேன்.

மறுநாள் ஒரு பாட்டில் சரக்கை எடுத்துக்கொண்டு சோதனை லேபுக்குப் போனோம். அங்கே இருந்த மேடம் ஒரு கண்ணாடிக் குழாயில் தண்ணீர் மாதிரி ஏதோ ஊற்றி, அதில் எங்கள் சரக்கை விட்டுக் குலுக்கினார். வெள்ளையாக இருந்தது டீ மாதிரி பழுப்பானது. மேடம் முகத்தைச் சுளித்தார்.

"நாத்தம் போச்சுன்னு சந்தோஷப்பட்டிருப்பீங்க. எங்க போச்சுன்னு பாத்தீங்களா?"

"காத்தோட வெளிய போயிருக்கும்னு…"

"வெளிய போகலை. உள்ளேயேதான் இருக்கு, வேற வேஷத்துல. நேரா காய்ச்சின சரக்குல நாத்தக் கந்தகம் ரெண்டு ரெண்டா ஜோடி சேர்ந்து அடங்கிடும். அதான் உங்க தெருவில எல்லாரும் பண்றது. உங்க உடைச்ச சரக்குல ரெட்டைப் பிணைப்பு இருக்கு. கந்தகத்துகிட்ட ஒரு ஹைட்ரஜன் லேசா ஒட்டிட்டிருக்கும். அது கழண்டதும் கந்தகம் ஓடிப் போய் அந்த ரெட்டைப் பிணைப்பில ஒரு பக்கத்தைப் பிடிச்சுக்கும். அந்தப் பக்கம் பிடிச்சா இந்தப் பக்கம் ஒரு கை காலியாகும். காலிக் கையில காத்துல இருக்கற ஆக்ஸிஜன் வந்து உக்காரும். உக்காந்தது சும்மா இருக்குமா? இன்னொரு கந்தகத்துகிட்ட இருந்து ஹைட்ரஜனைப் பிடுங்கும். இப்போ அந்தக் கந்தகம் ஓடும். இப்படியே ஒண்ணு மாத்தி ஒண்ணு. அதான் அவ்வளவு சீக்கிரம் நாத்தம் போச்சு. அதான் டாங்கி சூடாச்சு."

"மேடம், தனித்தனியா வெச்சுப் பாத்தேன். ரெண்டும் நல்லா இருந்துதே?"

"தனியா இருந்தா மாசக்கணக்கா நல்லாத்தான் இருக்கும். ஒண்ணைக் கிளப்பிவிட இன்னொண்ணு இல்லையே. நீங்க சேர்த்து வெச்சுப் பாக்கலை. ஆக்ஸிஜன் அப்படி வந்து உக்காந்ததுக்குப் பெராக்சைடுன்னு பேர், அது இப்ப இதுல நிறைய நிக்குது. கந்தகம் தீர்ந்த பிறகும் நீங்க காத்து குடுத்துட்டே இருந்திருக்கீங்க. அது மிச்ச சரக்கையும் ஒண்ணோட ஒண்ணு கோத்துப் பிசின் ஆக்கிடுச்சு."

மாப்பிள்ளை மெதுவாகக் கேட்டார்: "திருப்ப முடியாதுங்களா?"

"சுட்ட செங்கல்லை மண்ணாக்க முடியுமா? முதல் நாளே தடுப்பு மருந்து கொஞ்சம் கலந்திருந்தா ஆரம்பிச்சே இருக்காது."

"அது எவ்வளவு ஆகும் மேடம்?"

அவர் சொன்னார். நாங்கள் அந்தப் பாட்டிலைச் சோதிக்கக் கட்டின கட்டணத்தைவிடக் குறைவு. மாப்பிள்ளை தலையை ஆட்டிக்கொண்டார். கிளம்பும்போது மேடம் கூப்பிட்டுச் சொன்னார்: "இதைக் காய்ச்சி வடிக்கலாம்னு மட்டும் நினைக்காதீங்க. மேலே இருக்கறது பறக்கப் பறக்க அடியில பெராக்சைடு சேர்ந்துட்டே வந்து வெடிச்சிடும். ஷெட்டு நிக்காது, நீங்களும் நிக்க மாட்டீங்க."

அதைத்தான் மாப்பிள்ளை செய்யப் பார்த்தார். மூன்றாம் நாள் தங்கச்சி மூச்சு வாங்க என் குடோனுக்கு ஓடி வந்தாள். போய்ப் பார்த்தால், யாரிடமோ இரவல் வாங்கின வடிகலனை ஷெட்டுக்கு நடுவில் நிறுத்தி, பர்னரை மாட்டிக்கொண்டிருக்கிறார். சரக்கு ஊற்றியாகிவிட்டது. தீக்குச்சிதான் பாக்கி.

நான் கத்தவில்லை. என் வயதுக்கும் அந்தஸ்துக்கும் நான் கத்தினால் தெருவே கூடிவிடும். நேராகப் போய் பர்னரின் வாயைத் திருகிக் கழற்றி என் பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன்.

"குடுங்க மச்சான்."

"மேடம் சொன்னது காதுல விழலையா?"

"விழுந்துது. பாதி வரைக்கும் காய்ச்சிட்டு நிறுத்திடறேன். பாதி வந்தாலும் உங்க பணத்துல கொஞ்சமாவது தேறும்."

"எந்தப் பாதியில நிறுத்தறதுன்னு அதுக்குத் தெரியுமா? என் பணம் கிடக்கட்டும் மாப்ளே. விட்டுத் தள்ளுங்க, நான் கேக்கவே இல்லைன்னு வெச்சுக்குங்க."

"நான் வாங்கினேனே," என்றார். "சரி, இது வேண்டாம்னா வேற வழி சொல்லுங்க. நீங்கதான் எல்லாம் தெரிஞ்சவராச்சே."

எத்தனையோ பேருக்கு வழி சொன்னவன் நான். திவாலாகப் போன இரண்டு கடைகளைத் தூக்கி நிறுத்தினவன். அன்றைக்கு அந்த டாங்கியின் முன்னால் எனக்கு ஒரு வழியும் தோன்றவில்லை. கடைசியில், "குடோனுக்கு வந்துடுங்க," என்றேன். வாசலில் நின்றிருந்த தங்கச்சி முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்து போய்விட்டாள்.

செங்கல் சூளைக்காரரிடம் எரிக்க எடுத்துக்கொள்வாரா என்று கேட்டோம். பிசின் பர்னரை அடைத்துவிடும், கந்தகப் புகை ஊரையே இருமவைக்கும் என்று கை விரித்தார். கழிவை முறையாக எரிக்கிற ஆலை ஒன்று எடுத்துக்கொண்டது. எடுத்துக்கொண்டதற்கு அவர்கள் பணம் தரவில்லை, நாம்தான் தர வேண்டும். தங்கச்சி கையில் கிடந்த வளையல்கள் அதற்குப் போயின. வாங்கின சரக்கைத் தூக்கிப் போடக் காசு கொடுத்த மனிதரை நான் அப்போதுதான் பார்த்தேன். ஷெட்டுக்காரர் முன்பணத்தைத் திருப்பித் தரவில்லை. டாங்கிச் சுவரில் ஒட்டின பிசினைச் சுரண்ட அதுவே பத்தாது என்றார். என் நாற்பதாயிரம் ஒரு காசு குறையாமல் கடனாகவே நின்றது.

மாப்பிள்ளை மறுபடி டிரம் கழுவ வந்தார். மேஸ்திரி வேலையில் வேறு ஆளைப் போட்டிருந்தேன். அவரை எடுத்துவிட்டு உங்களைப் போடுகிறேன் என்றேன், கழுவுவதே போதும் என்றுவிட்டார். ஒரு நிபந்தனை மட்டும் வைத்தார். கூலியில் கடனைப் பிடித்துக்கொள்ளக் கூடாது. முழுக் கூலியையும் தன் கையில் தர வேண்டும். அதிலிருந்து தானே எண்ணி என் கையில் வைப்பார். ஒவ்வொரு சனிக்கிழமை மாலையும் அப்படித்தான் நடந்தது. நான் எண்ணி அவர் கையில் வைப்பேன். அவர் அதில் கொஞ்சம் எண்ணி என் கையில் வைப்பார். எத்தனையோ தடவை வேண்டாம் என்று கையை மூடிக்கொண்டேன். நான் விரிக்கிற வரைக்கும் நின்றுகொண்டே இருப்பார். டிரம்மில் சொட்டு நிற்கக் காத்திருந்தவருக்கு இதெல்லாம் எம்மாத்திரம்?

உடைத்த சரக்கையும் நாற்றச் சரக்கையும் ஒன்றாகச் சேர்க்க அதன் பிறகு என் குடோனில் யாரையும் நான் விட்டதில்லை. உடைத்த சரக்கு வந்து இறங்கின அன்றே தடுப்பு மருந்து போட்டுவிடுகிறோம். தெருவில் இரண்டு பேருக்கு டாங்கி பிசினாகிப் போனது, எனக்கு ஒரு சொட்டு கெடவில்லை. என் ஸ்பிரிட் என்றால் பசைக் கம்பெனிகள் கண்ணை மூடிக்கொண்டு வாங்கும். மூன்றாவது குடோன் அப்படி வந்ததுதான். அந்தக் குடோனிலும் மாப்பிள்ளைதான் டிரம் கழுவினார். அவர் மட்டும் கையில் சொட்டு விட்டு ஊதுவதை நிறுத்திவிட்டார். புதிதாக வந்த ஆட்கள் இவருக்கு ஏன் 'ஊதி' என்று பெயர் எனக் கேட்பார்கள். பழைய ஆட்கள் டிரம்மை உருட்டிக்கொண்டு நகர்ந்துவிடுவார்கள்.

தங்கச்சி என் வீட்டுக்கு வருவது குறைந்து, பிறகு நின்றேபோனது. வழியில் பார்த்தால், "நல்லா இருக்கியாண்ணே?" என்பாள். நான் பதில் சொல்வதற்குள் நடந்துவிடுவாள். காரமும் ஸ்பிரிட்டும் பட்டுப் பட்டு மாப்பிள்ளையின் உள்ளங்கை வெடித்து, ரேகை எல்லாம் அழிந்துபோனது. மூச்சும் வாங்க ஆரம்பித்தது. இரண்டு டிரம்மை உருட்டினால் ஒரு முறை சுவரைப் பிடித்துக்கொள்வார்.

கடன் முடியும் சனிக்கிழமை எனக்கும் நினைவிருந்தது. ஏதாவது செய்ய வேண்டும் என்று மனதுக்குப் பட்டது. பின் தெரு ஷெட்டு மறுபடி வாடகைக்கு வந்திருந்தது. கூலியைக் கொடுக்கும்போது சொன்னேன்.

"மாப்ளே, அந்த ஷெட்டு காலியா இருக்கு. முன்பணம் நான் கட்டறேன். இந்தத் தடவை மருந்து போட்டுப் பண்ணுங்க. உங்களுக்குத்தான் இப்ப எல்லாம் தெரியுமே."

அவர் சிரித்தார். சிரித்ததும் இருமல் வந்துவிட்டது. அடங்கும்வரை மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"ஊதறதுக்கு மூச்சு எங்க இருக்கு மச்சான்?"

"அப்ப இனிமே என்ன பண்ணப் போறீங்க? கடன்தான் தீருதே."

"திங்கக்கிழமை டிரம் வருதுன்னு சொன்னீங்களே," என்றார். "உங்க கையைக் காட்டுங்க."

நான் உள்ளங்கையை விரித்தேன். வெடித்த விரல்களுக்கு நோட்டின் ஓரம் அகப்படவில்லை. பழக்கத்தில் விரலை ஊதிக்கொண்டு, ஒவ்வொன்றாகப் பிரித்து, வாய்க்குள் எண்ணியபடி, கடைசி நோட்டு வரைக்கும் என் கையில் வைத்தார்.